கிளப்புக்கு மாப்பிள்ளை விசாரித்த கலியமூர்த்தி மாமா

பெனால்டி என்றால் கலியமூர்த்தி மாமா திரும்பி நின்றுகொள்வார். எங்கள் டீம் அடித்தாலும் சரி, வந்த டீம் அடித்தாலும் சரி. நடுவர் அந்தப் புள்ளியைக் கைகாட்டியதுமே மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, ஆற்றைப் பார்த்து நிற்பார். பந்தை உதைக்கிற சத்தம் கேட்கும். கூட்டம் கத்தும். கத்துவது நம் ஆட்களா, வந்தவர்களா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் திரும்ப மாட்டார். கோல் கம்பத்துக்குப் பின்னால் சுண்டல் கூடையோடு உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் கேட்பார்.

“மங்கலம், உள்ளயா வெளியயா?”

“உள்ள மாமா” என்பேன், அல்லது “வெளிய மாமா” என்பேன். அதற்குப் பிறகுதான் திரும்புவார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. கூட்டத்தின் நடுவில் வாய் திறந்து நான் சொன்னவற்றில் பாதி இந்த இரண்டு பதில்களாகத்தான் இருக்கும்.

மாமா என் அக்கா தைலம்மாளின் வீட்டுக்காரர். கடலூர் முதுநகரில், துறைமுகத்துப் பக்கம் உள்ள ஐஸ் ஃபேக்டரியில் வேலை. கட்டிகளை இழுத்து இழுத்து, விரல் நுனிகள் எப்போதும் ஊறிப்போய் வெளுத்திருக்கும். ஊரில் யார் வீட்டிலாவது பெண்ணுக்கு வரன் வந்தால், பையனை விசாரித்து வர மாமாவைத்தான் அனுப்புவார்கள். அவர் தரகர் இல்லை. பஸ் செலவைக்கூடத் தன் கையிலிருந்துதான் போடுவார். பையன் ஊருக்குப் போய் டீக்கடை, இஸ்திரி வண்டி, பூக்கடை ஆகிய மூன்று இடத்தில் பேச்சுக் கொடுத்தால் ஒரு மனிதனுடைய முழு ஜாதகமும் வந்துவிடும் என்பது அவருடைய கொள்கை.

நான் எட்டாவதோடு நின்றவள். சில வருஷம் இறால் உரிக்கப் போனேன். பிறகு நெல்லிக்குப்பத்தில் ஒரு இடம் வந்தபோது அங்கே போய் விசாரித்து வந்தவரும் மாமாதான். “கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. வாரம் தவறாம கோயிலுக்குப் போறான்” என்று வந்து சொன்னார். இரண்டுமே உண்மை. அவன் குடிக்காமலே அடித்தான். நான் திரும்பி வந்து அக்கா வீட்டின் பின்பக்க அறையில் இருக்கிறேன். அதைப் பற்றி மாமா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சுண்டல் கூடையை மைதானத்துக்குத் தூக்கிவந்து, கம்பத்துக்குப் பின்னால் நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்காரவைத்தவர் அவர்தான். அதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் கிளப்பின் பெயர் உப்பனாறு கிளப். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் படகு ஓட்டியவர்களும் ஆரம்பித்தது. சட்டை அரக்கு நிறம். வலைக்குச் சாயம் காய்ச்சுகிற அண்டாவில் முதல் சட்டைகளை முக்கி எடுத்தார்களாம். அதனால் வந்த நிறம். சீசன் தொடங்கும் அன்று மாரியம்மன் கோயிலில் ஒரு தேங்காய், மாதா கோயிலில் ஒரு மெழுகுவத்தி. இரண்டுக்கும் பந்தை எடுத்துக்கொண்டு போவார்கள். முதலாளி என்று யாரும் கிடையாது. செயலாளர் சார்லஸ் மாஸ்டர் ஒருவர்தான் எல்லாம். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோயால் கால் விரலை எடுத்த பிறகும் ஒரு காலில் ஷூவும் மறுகாலில் செருப்புமாகக் கோட்டோரம் நிற்பார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டீம் ஜெயித்து ஜெயித்து லீக்கில் மேல் டிவிஷனுக்கு ஏறியது. ஊரே வெடி வெடித்தது. அதற்கப்புறம்தான் கஷ்டம் ஆரம்பித்தது. மேல் டிவிஷனில் டாக்டர் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும், கோயமுத்தூர் வரை போய் ஆடிவிட்டு வர வேண்டும். பையன்கள் ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டு போய், மறுநாள் வெயிலில் ஓடினார்கள். மாஸ்டரால் முடியவில்லை. “இந்த சீசனோட நான் விடுறேன்பா” என்று சொல்லிவிட்டார்.

அப்போதுதான் சிதம்பரத்திலிருந்து சேதி வந்தது. அங்கே நர்சிங் காலேஜ், பாலிடெக்னிக், கல்யாண மண்டபம் என்று வைத்திருக்கும் செந்தமிழ்செல்வன் என்பவர் கிளப்பை எடுத்துக்கொள்ள விரும்புகிறாராம்.

மைதானத்து எதிரில் இருக்கும் டீக்கடையில் அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஆட்டத்தின்போது டிரம் அடிக்கிற ஆரோக்கியராஜ், படகு வெல்டிங் செய்கிறவர், அவர்தான் பெரிய கனவுகளை எடுத்துவிடுவார்.

“மொதல்ல பஸ்ஸு. ஏசி பஸ்ஸு. அப்புறம் லைட்டு. ராத்திரில மேட்ச்சு. அப்புறம் நைஜீரியாலேர்ந்து ஒரு ஃபார்வர்டு.”

“அவன எங்க தங்க வைப்ப? ஒங்க ஊட்லயா?” என்று ஒருவர் கேட்டார். “ஒங்கம்மா வைக்கற கருவாட்டுக் கொழம்பத் தின்னுட்டு அடுத்த கப்பல்லயே ஏறிடுவான்.”

“ஏன், எங்கம்மா கொழம்புக்கு இன்னா கொறச்சல்? நீ ஓசில வந்து நக்குறப்ப இனிச்சுதா?”

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் யாராவது ஒருவர் மெதுவாகக் கேட்பார். “பேர மாத்திட்டா இன்னா பண்றது?” அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். கண்ணாடி டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். கிளப் போனால் முதுநகருக்கு வேறு என்ன இருக்கிறது? வெளியூர்க்காரர்கள் எங்களைப் பற்றிக் கேள்விப்படுவது புயல் வரும்போதுதான். மற்ற நாளில் அரக்குச் சட்டை ஒன்றுதான் எங்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாமாதான் வழி சொன்னார். “இன்னாத்துக்குப் பயப்படுறீங்க? நான் போயி விசாரிச்சுட்டு வரேன்.”

சார்லஸ் மாஸ்டர் தலையை ஆட்டினார். “கலியமூர்த்தி, இது வரன் பாக்கற சமாச்சாரம் இல்லப்பா. வக்கீல வச்சி எழுதணும். பேரு, கலரு, ஊரு மூணும் மாறாதுன்னு கையெழுத்து வாங்கணும்.”

“மாஸ்டர், நாம வளத்த பொண்ண ஒரு நல்ல எடத்துல குடுக்கறோம். ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்கிட்டா பொண்ணு குடுக்கறாங்க? மனுஷன் நல்லவனான்னு பாக்கணும். நல்லவன்னா தட்டு மாத்தணும். தட்டு வாங்குன கையி மாறாது.”

டீக்கடையில் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் பிடிக்கவில்லை. என் கல்யாணத்துக்கும் யாரோ இப்படித்தான் கைதட்டியிருப்பார்கள்.

விசாரிக்கப் போகும்போது கூட ஒரு பெண் போனால்தான் வீட்டுக்குள் கூப்பிடுவார்கள், அடுப்படி வரை பார்த்து வரலாம் என்பது மாமாவின் இன்னொரு விதி. அக்காவுக்கு முட்டி வலி. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆரோக்கியராஜும் வந்தார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பஸ் போகும்போதே இருவரும் நைஜீரியாக்காரனுக்கு எத்தனாம் நம்பர் சட்டை கொடுப்பது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள்.

சிதம்பரத்தில் அந்தத் தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னார்: “செல்வன் சாரா? தங்கமானவரு. பீடி சிகரெட்டு கெடையாது. தண்ணி கெடையாது.” இஸ்திரி போடுகிற அம்மா சொன்னார்: “கஞ்சி மட்டும் ஜாஸ்தி போடச் சொல்லுவாரு. மத்தபடி ஒரு அதட்டல் கெடையாது.” பூக்காரர் சொன்னார்: “வாரா வாரம் நடராஜருக்கு மாலை நம்மகிட்டதான்.”

மாமாவின் முகம் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. நெல்லிக்குப்பத்திலும் இதே மூன்று கடைகள், இதே பதில்கள். யாராவது ஒருவர் “அவர் ஒரு சாமானை வாங்கினால் அதை என்ன செய்வார்?” என்று கேட்டிருக்கலாம். மாமா கேட்கவில்லை. இஸ்திரிக்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

செல்வன் சாரின் வீடு அண்ணாமலை நகர் போகிற சாலையில், மூன்று மாடி. ஆண்களைக் கூடத்தில் சோபாவில் உட்காரவைத்தார்கள். எனக்குக் காபி உள்ளே வந்தது. கை கழுவ வேண்டும் என்றேன். வேலைக்கார அம்மா ரத்தினம்மாள் பின்பக்கம் கூட்டிப்போனார்.

பின்பக்கத்தில் ஒரு பெரிய நாய் கட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு கப். இரண்டு கைப்பிடி வைத்த, வெள்ளி முலாம் பூசிய பெரிய கப். அதில் தயிர் சோறு காய்ந்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கிற கல்லின் ஓரமாக இன்னும் சில கப்புகள். ஒன்றில் தேங்காய் நார், ஒன்றில் சோப்புத்தூள். ஒன்று சாய்ந்து கிடந்து, அதில் மழைத்தண்ணீர் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. குனிந்து படித்தேன். வாலிபால் என்றும் புவனகிரி என்றும் இருந்தது. மற்ற எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன.

“இது யாருது?” என்று கேட்டேன்.

“ஐயா ஒரு வாலிபால் டீமு வாங்குனாரும்மா” என்றார் ரத்தினம்மாள். “இப்ப டீமு இல்ல. கப்பு இருக்குது. தூக்கிப் போடவும் மனசு வரல, கனமா நல்லாருக்குது.”

நாய் அந்தக் கப்பை நக்கி நக்கித் தள்ள, அது சிமெண்டுத் தரையில் கரகரவென்று உரசியது. உள்ளே வந்து காபியைத் தொடாமல் வைத்துவிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் பார்த்ததை, ரத்தினம்மாள் சொன்னதை. மாமா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பெனால்டிக்கு ஆற்றைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு திரும்பி ஆரோக்கியராஜின் தொடையில் தட்டினார்.

“பாத்தியா ஆரோக்கியம்! வாயில்லா ஜீவனுக்கு வெள்ளிக் கப்புல சோறு! மனுஷன் மனசப் பாத்தியா!”

“நாய்க்கே கப்புன்னா நமக்கு இன்னா பண்ணுவாரு மச்சான்!”

“மாமா, அந்த டீமு இல்லியாம்” என்றேன் மறுபடியும்.

“வாலிபாலு வேற, ஃபுட்பாலு வேற. நீ சும்மா இரு மங்கலம். கெணத்தடியப் பாத்துட்டு வந்து பேசாத.”

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் அதையே ஒரு பெருமையாகச் சொன்னார். நாயும் வெள்ளிக் கப்பும் முதுநகர் முழுக்கப் பரவியது. புவனகிரியின் டீம் என்ன ஆனது என்பது மட்டும் பரவவில்லை. நான் சார்லஸ் மாஸ்டர் வீட்டுக்கே போய், வாசலில் நின்றபடி சொல்லிவிட்டு வந்தேன். அவர் கேட்டுவிட்டு, “எனக்கும் அப்படித்தாம்மா தோணுது” என்றார்.

கிளப்பை எழுதிக்கொடுக்கிற பத்திரத்தில் மாஸ்டர் கையெழுத்துப் போட மறுத்தார். பெயர், நிறம், ஊர் மூன்றும் மாறாது என்று எழுதித் தந்தால்தான் போடுவேன் என்றார். அப்போது நான் பார்த்ததை இன்று நினைத்தாலும் குமட்டுகிறது. அவரிடம் ஓடக் கற்றுக்கொண்டவர்கள், அவர் வாங்கிக்கொடுத்த பூட்ஸ் போட்டு ஆடியவர்கள், அவர் வீட்டு வாசலில் கூட்டமாக நின்றார்கள். “மாஸ்டருக்குக் கமிஷன் வரலையாம், அதான் இழுக்கறாரு” என்று ஒருவன் அவருக்குக் கேட்கும்படி சொன்னான். யாரும் அவனை அடக்கவில்லை. மாமாவும் அடக்கவில்லை. “மாஸ்டர், என் வார்த்த. நான் பொறுப்பு” என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து, மாமா கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தட்டு மாற்றுவது மைதானத்தில் நடந்தது. நாயனம், டிரம், வெடி எல்லாம் உண்டு. பெரிய தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள், அதன் மேல் மடித்த அரக்குச் சட்டை, சட்டை மேல் பந்து. செல்வன் சார் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் காலில் விழுந்தவர்களைப் பார்த்தேன். தங்கள் அப்பா காலில் விழாதவர்கள் எல்லாம் விழுந்தார்கள். மணலை முகத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்து சிரித்தார்கள்.

மாமா புது வேட்டி கட்டியிருந்தார். தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். “சார், பேரு மாறக்கூடாது, கலரு மாறக்கூடாது, ஊரு மாறக்கூடாது. இத்த நீங்க சம்மதிச்சு வாங்கணும்.”

“ஒங்க பொண்ண ராணி மாரி வச்சிருப்பேன்” என்றார் செல்வன் சார். தாம்பாளத்தை வாங்கினார். விசில் பறந்தது. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்களுக்குத்தான் ஒரு விஷயம் உறுத்தியது. தட்டு மாற்றுவது என்றால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தட்டு வர வேண்டும். வரவில்லை. சாரின் மேனேஜர் கூட்டத்துக்குக் காலேஜ் காலண்டர் கொடுத்தார். அக்கா என் காதில், “பதில் தட்டு எங்கடி?” என்றாள். நான் செல்வன் சாரின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றிக்கு இட்டதில் மிச்சமான சந்தனம் விரலில் ஒட்டியிருந்தது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, தாம்பாளத்தில் இருந்த அரக்குச் சட்டையின் ஓரத்தில் அதைத் துடைத்தார். பிறகு தாம்பாளத்தை டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் அதை டிக்கியில் வைத்து மூடினார்.

பஸ் வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஏசி பஸ்தான். புது பூட்ஸ் வந்தது. நைஜீரியாக்காரனுக்குப் பதில் கேரளாவிலிருந்து இருவர் வந்தார்கள். மாமா தெருவில் நடந்தால் பத்து பேர் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார்கள். “மாமா, நீ விசாரிச்சா விசாரிச்சதுதான்” என்றார்கள்.

பஸ்ஸின் பக்கவாட்டில் முதலில் உப்பனாறு கிளப் என்று பெரிதாகவும், காலேஜ் பெயர் சின்னதாகவும் இருந்தது. பிறகு அது பெரிதாகி இது சின்னதானது. பிறகு ஒரு நாள் பஸ்ஸைக் கழுவிக் கொண்டுவந்தபோது எங்கள் பெயரே இல்லை. செல்வன் சார் கைகூப்பி நிற்கிற படமும், ‘செல்வன் சூப்பர் லயன்ஸ்’ என்ற எழுத்தும் இருந்தன. அந்த வாரமே சட்டை மஞ்சளானது. காலேஜ் பஸ்களின் நிறம் அது. கிளப் அறையில் கண்ணாடி அலமாரியில் இருந்த எங்கள் கப்புகளை, சிதம்பரத்தில் பாலிஷ் போட என்று பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த சீசனின் ஆட்டப் பட்டியல் வந்தது. சொந்த மைதானம் என்ற இடத்தில் சிதம்பரம் என்று இருந்தது.

“சொம்மா இருங்கடா, நான் பேசறேன்” என்றார் மாமா.

பேசுவதற்குச் செல்வன் சார் தன் கல்யாண மண்டபத்துக்கே எங்களைக் கூப்பிட்டார். பஸ் அனுப்பினார். பெண்களும் வர வேண்டும் என்றார், எல்லாருக்கும் பிரியாணி என்றார். கோபமாகப் போகிறவர்கள் அவர் அனுப்பிய பஸ்ஸில் ஏறிப் போகிறோமே என்று எனக்குத் தோன்றியது. ஏசி நன்றாக இருக்கிறது என்று பின் சீட்டில் ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார். டிரம்மைக் கொண்டுவந்திருந்த ஆரோக்கியராஜ், அதை எதற்கு எடுத்துவந்தோம் என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டபத்தில் மாமா எழுந்து நின்றார். “சார், பேரு, கலரு, ஊரு மாறாதுன்னு தட்டு வாங்குனீங்க.”

செல்வன் சார் கோபப்படவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்து மாமாவின் தோளில் கை போட்டார்.

“ஐயா, நீங்கதானே சொன்னீங்க, பொண்ணு குடுக்கற மாரின்னு? நான் சொன்னனா? சரி, பொண்ண வாங்கிட்டேன். கல்யாணமான பொண்ணு யார் ஊட்ல இருப்பா? பொறந்த ஊட்லயா, புகுந்த ஊட்லயா? யாரு இனிஷியல் போட்டுப்பா? புருஷன் ஊட்ல எடுத்துக் குடுத்த பொடவையக் கட்டுவாளா, அம்மா ஊட்டுப் பொடவையவே கட்டிக்கிட்டுத் திரிவாளா? நீங்களே சொல்லுங்க.”

மண்டபத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். “சார் பாயிண்டாப் பேசறாரு” என்றார். அப்புறம் பலர் சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பார்த்தேன். சொந்த வீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வாங்கியவனின் பேச்சு சாமர்த்தியத்துக்குக் கைதட்டுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். புகுந்த வீட்டைப் பற்றி அவர்கள் சிரிக்கும்போது, மாமா ஒரு தடவை என் பக்கம் பார்த்தார். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

“நீங்க எனக்கு சம்பந்தி மொற” என்றார் செல்வன் சார். “சம்பந்திக்கு முன்வரிசை சீட்டு. ரசிகர் மன்றத் தலைவர் நீங்கதான்.” மேனேஜர் ஓடிவந்து, மஞ்சள் நாடாவில் தொங்கும் அடையாள அட்டையை மாமாவின் கழுத்தில் மாட்டினார்.

அந்த இடத்தில் மாமா அதைக் கழற்றிப் போட்டிருந்தாலும் கிளப் திரும்பி வந்திருக்காது. அது எனக்கும் தெரியும். கையெழுத்துப் போய்விட்டது. ஆனால் மாமா சிரித்தார். ஐஸில் ஊறி வெளுத்த விரலால் அட்டையைத் திருப்பி, தன் படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தார். பேருக்கும் நிறத்துக்கும் கிடைக்காத பதிலை அந்தச் “சம்பந்தி” என்ற சொல்லில் அவர் வாங்கிக்கொண்டுவிட்டார். பிரியாணி இலையில் விழுந்தது. சாப்பிட்டார்கள். எலும்பை உறிஞ்சுகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. நான் இலையை மடித்துவிட்டு எழுந்தேன்.

சிதம்பரத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு அக்கா வற்புறுத்தியதால் போனேன். அதுதான் எனக்குக் கடைசி. பஸ்ஸில் ஏறும்போதே எல்லாருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்தார்கள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டேன். மாமா முன்வரிசையில் கழுத்தில் அட்டையும் வாயில் விசிலுமாக இருந்தார். அவர் விசில் ஊதினால் நாங்கள் கத்த வேண்டும். எப்போது ஊத வேண்டும் என்று மேனேஜர் அவருக்குக் கைகாட்டினார். ஆட்டத்தைப் பார்க்காமல் மாமா மேனேஜரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. லயன்ஸுக்குப் பெனால்டி கிடைத்தது. நடுவர் புள்ளியைக் காட்டினார். மாமா எழுந்தார், வேட்டியை மடித்தார், மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். அங்கே ஆறு இல்லை. செல்வன் சார் காலேஜின் சுவர்தான் இருந்தது. வீடியோ எடுப்பவன் ஓடிவந்தான்.

“பெருசு, இன்னா அந்தப் பக்கம் திரும்பிக்கின? இப்பிடிப் பாரு. கையத் தூக்கு. சிரி. சார் வீடியோ கேட்டிருக்காரு.”

மாமா திரும்பினார். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக ஒரு பெனால்டியை நேராகப் பார்த்தார். இரண்டு கையையும் தூக்கி, பல் தெரிய வைத்துக்கொண்டு பார்த்தார். பந்து உள்ளே போனது. “லயன்ஸ்! லயன்ஸ்!” என்று கத்தினார். வீடியோக்காரன் நகர்ந்ததும் கைகள் கீழே இறங்கின. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தார். வழக்கமான கேள்விதான் அது என்று எனக்குத் தெரிந்தது. அவர்தான் பார்த்துவிட்டாரே, நான் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டேன். மஞ்சள் பனியனைச் சீட்டிலேயே வைத்துவிட்டு, வெளியே வந்து, டவுன் பஸ் பிடித்து, கடலூர் பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போது லயன்ஸ் அதே டிவிஷனில் ஆடுகிறது. ஜெயிக்கவும் செய்கிறது. முதுநகர் மைதானத்தில் கோல் கம்பங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. முகூர்த்த நாளில் கார் நிறுத்துகிறார்கள். சார்லஸ் மாஸ்டர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. யாரும் போய்ப் பார்ப்பதும் இல்லை. ஆரோக்கியராஜ் டிரம்மை ஒரு சாவு மேளக்காரருக்குக் கொடுத்துவிட்டார். மாமா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார். பெண்ணுக்கு வரன் வந்தால் விசாரிக்க இப்போது அவரை யாரும் கூப்பிடுவதில்லை. நான் பஸ் ஸ்டாண்டில் சுண்டல் விற்கிறேன். எங்களுக்குள் பேச்சு சாப்பாட்டு நேரத்தோடு சரி.

பாலிஷ் போடப் போன கப்புகள் திரும்பவில்லை. அவை அண்ணாமலை நகர் சாலையில் அந்த வீட்டில் இருக்கின்றன. எங்கள் ஊரில் டீம் இல்லை.